தூக்கிப்போட நாலு பேர்: அமெரிக்க நாவல்களில் ஆசை, ஒடுக்குமுறை, ஊர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்க நாவல்களைப் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்களும், கல்லூரியில் பாடமாக இருப்பதால் படிக்க நேர்ந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கதைகளின் முடிவை மறைக்காமல்தான் பேசியிருக்கிறேன். முடிவு தெரியாமல் படிக்க விரும்புபவர்கள் கடைசி இரண்டு கேள்விகளை மட்டும் பார்த்துவிட்டு நேராக நாவலுக்குப் போய்விடலாம்.

லட்சியம், ஒடுக்குமுறை, சமூகம் என்று மூன்றையும் ஏன் ஒரே மூச்சில் சொல்கிறார்கள்?

பாடத்திட்டத்தில் இவை மூன்று தனித்தனித் தலைப்புகள். நாவலுக்குள் போனால் பிரித்தெடுக்க முடியாது. ஒருவன் முன்னுக்கு வர ஆசைப்படுகிறான். அப்படி ஆசைப்பட அவனுக்கு உரிமை உண்டா என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். அவன் விழும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதில் கதை போய் நிற்கிறது.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்ளலாம். 'லட்சியம்' என்றால் மேடையில் ஏற்றிவைத்துப் பேசுகிற மாதிரி இருக்கிறது. 'பேராசை' என்றால் திட்டுகிற மாதிரி இருக்கிறது. இந்த நாவல்கள் பேசுவது இரண்டுக்கும் நடுவில் இருப்பதை. 'எப்படியாவது முன்னுக்கு வந்துடணும்' என்று சொல்கிறோமே, அதை. 'சமூகம்' என்ற சொல்லிலும் சிக்கல் உண்டு. 'நீங்க எந்தச் சமூகம்?' என்று ஒருவர் கேட்டால் அவர் கேட்பது சாதியை. அதனால் இங்கே பெரும்பாலும் 'ஊர்' என்றும் 'நாலு பேர்' என்றும் எழுதுகிறேன். 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்று நாம் பயப்படுவது அந்த நாலு பேருக்கு. 'கடைசியில் தூக்கிப்போட நாலு பேர் வேணும்' என்று நம்பியிருப்பதும் அதே நாலு பேரைத்தான். ஒரு நாவலில் இந்த நாலு பேர் யார், எப்போது வருகிறார்கள், எப்போது வராமல் இருந்துவிடுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டே படியுங்கள். நான் அப்படித்தான் படிக்கிறேன். ஆசையையும் ஒடுக்குமுறையையும் யாரும் தவறவிடுவதில்லை. ஊரைத்தான் பல பேர் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள்.

'அமெரிக்கக் கனவு' என்பது எங்கிருந்து வந்தது?

உழைத்தால் யாரும் முன்னுக்கு வரலாம் என்ற நம்பிக்கையைச் சொல்லும் அந்தச் சொற்றொடரை எல்லார் வாயிலும் புழங்கவைத்தவர் ஜேம்ஸ் ட்ரஸ்லோ ஆடம்ஸ் என்ற வரலாற்றாசிரியர். 1931-இல், நாடே பொருளாதாரப் பெருமந்தத்தில் தவித்துக்கொண்டிருந்தபோது எழுதிய புத்தகத்தில் அதைப் பயன்படுத்தினார். கனவு அதற்கும் ரொம்பப் பழையது. அமெரிக்காவை நிறுவியவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் சுயசரிதையில் ஒரு நாளை மணி மணியாகப் பிரித்து அட்டவணை போட்டுக் காட்டியிருக்கிறார். 1868-இல் புத்தகமாக வந்த ஹொரேஷியோ ஆல்ஜரின் 'ராகட் டிக்', தெருவில் ஷூ பாலிஷ் போடும் பையன் மரியாதையான நிலைக்கு வரும் கதை. இதே மாதிரிக் கதைகளை ஆல்ஜர் எழுதிக்கொண்டே இருந்தார். அவருடைய பையன்கள் உழைப்பால் மட்டும் உயர்வதில்லை. சரியான நேரத்தில் ஒரு பணக்காரரின் கண்ணில் படுவார்கள். அந்தக் கண்ணில் படவே வாய்ப்பில்லாதவர்களின் கதையைப் பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள்.

கேட்ஸ்பி ஆசைப்பட்டதில் என்ன தப்பு?

ஆசைப்பட்டதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' 1925 ஏப்ரலில் வெளிவந்தது. வடக்கு டகோட்டாவில் ஒன்றுமில்லாத ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் கேட்ஸ், பதினேழு வயதில் தன் பெயரை ஜே கேட்ஸ்பி என்று மாற்றிக்கொள்கிறான். மதுவிலக்குக் காலத்தில் கள்ளச் சரக்கில் பணம் சேர்த்து லாங் ஐலண்டில் ஒரு மாளிகை வாங்குகிறான். தண்ணீருக்கு எதிர்க்கரையில் அவன் காதலித்த டெய்சி வேறொருவன் மனைவியாக இருக்கிறாள். அவள் வீட்டுப் படகுத்துறையில் எரியும் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு இரவில் நிற்கிறான். வாராவாரம் விருந்து வைக்கிறான். அழைத்தவர்கள், அழைக்காதவர்கள் என்று நூற்றுக்கணக்கில் வந்து குடித்துவிட்டுப் போகிறார்கள்.

பச்சை விளக்கைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். கடைசி அத்தியாயத்தைப் பாருங்கள். கேட்ஸ்பி சுட்டுக்கொல்லப்பட்டிருக்கிறான். கதையைச் சொல்லும் நிக், இறுதிச்சடங்குக்கு ஆள் சேர்க்க ஒவ்வொருவராகக் கேட்கிறான். டெய்சியும் அவள் கணவனும் ஊரைவிட்டே போய்விட்டார்கள். தொழில் கூட்டாளி வர மறுக்கிறான். அந்த வீட்டிலேயே மாதக்கணக்கில் தங்கிச் சாப்பிட்ட ஒருவன் ஃபோன் செய்கிறான், எதற்கு? விட்டுவிட்டுப் போன டென்னிஸ் ஷூவை அனுப்பிவைக்கச் சொல்லி. கடைசியில் மழையில் கல்லறைக்குப் போவது நிக், கேட்ஸ்பியின் அப்பா, பாதிரியார், வேலைக்காரர்கள் சிலர், தபால்காரர், விருந்தில் ஒருமுறை பார்த்த மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவர். விருந்துக்கு வந்த நூற்றுக்கணக்கான பேரில் நாலு பேர் தேறவில்லை.

மினசோட்டாவிலிருந்து வந்த அந்த அப்பா, மகன் சின்ன வயதில் படித்த ஒரு கௌபாய் புத்தகத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். பின்பக்கத்து வெற்றுத்தாளில் பையன் எழுதிவைத்த அட்டவணை இருக்கிறது. காலை 6 மணிக்கு எழுந்திருப்பது, உடற்பயிற்சி, மின்சாரம் பற்றிப் படிப்பது, மாலையில் பேச்சுப் பயிற்சி. கீழே தீர்மானங்கள்: வாரம் ஒரு நல்ல புத்தகம் படிக்க வேண்டும். வாரம் 5 டாலர் சேமிக்க வேண்டும். அதை அடித்துவிட்டு 3 டாலர் என்று திருத்தியிருக்கிறான். அப்பா அம்மாவிடம் இன்னும் நல்லபடியாக நடந்துகொள்ள வேண்டும். ஃபிராங்க்ளினின் அட்டவணையே வந்து நிற்கிறது. அப்பா ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்துவிட்டு நிக்கைப் பார்க்கிறார், அவனும் தன் உபயோகத்துக்கு எழுதி வைத்துக்கொள்வான் என்று எதிர்பார்ப்பது போல. 5 டாலரை 3 டாலராக மாற்றிய அந்த அடித்தல் திருத்தலைத் தாண்டிப் போக என்னால் முடிவதே இல்லை. அந்தப் பையன் தன்னிடம் என்ன முடியும் என்று நேர்மையாகக் கணக்குப் போட்டவன்.

ஒடுக்குமுறை இதில் எங்கே வருகிறது என்று கேட்பவர்களுக்கு: டெய்சியின் கணவன் டாம் புக்கானன் பேசுவதைக் கேளுங்கள். முதல் அத்தியாயத்திலேயே, வெள்ளை இனம் மூழ்கப் போகிறது என்று சொல்லும் ஒரு புத்தகத்தைப் பெருமையாக மேற்கோள் காட்டுகிறான். பின்னால் கேட்ஸ்பியை 'எங்கிருந்தோ வந்த அநாமதேயம்' என்கிற மாதிரி மட்டம் தட்டுகிறான். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. பிறப்பால் கிடைத்ததைக் காப்பாற்றிக்கொள்ள நினைப்பவனுக்குக் கீழிருந்து ஏறி வருகிற யாரைப் பார்த்தாலும் ஒரே எரிச்சல்தான்.

ஒடுக்குமுறை என்றால் கறுப்பின மக்களின் கதை மட்டும்தானா?

இல்லை. அப்டன் சிங்க்ளேரின் 'தி ஜங்கிள்' (1906) லிதுவேனியாவிலிருந்து சிகாகோவின் இறைச்சித் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த குடும்பத்தைப் பற்றியது. நாயகன் யூர்கிஸுக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் ஒரே பதில்: இன்னும் கூடுதலாக உழைப்பேன். அந்த உழைப்பே அவனைத் தின்றுவிடுகிறது. சிங்க்ளேர் தொழிலாளியின் வாழ்க்கையைக் காட்ட நினைத்தார். படித்தவர்கள் இறைச்சி எவ்வளவு அசுத்தம் என்று பதறினார்கள். அதே ஆண்டு ஜூனில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்துவிட்டது. மக்களின் இதயத்துக்குக் குறிவைத்தேன், தவறுதலாக வயிற்றில் அடித்துவிட்டேன் என்று சிங்க்ளேரே சொன்னார்.

அந்த நாவலின் முதல் அத்தியாயம் ஒரு கல்யாண விருந்து. செலவு இருநூறு, முந்நூறு டாலர். அங்கே வந்திருக்கும் பலருக்கு ஒரு வருஷ வருமானமே அவ்வளவு இருக்காது. ஆனால் ஊர்வழக்கப்படி வந்தவர்கள் எல்லாரும் மணப்பெண்ணோடு ஆடிவிட்டுத் தொப்பியில் பணம் போடுவார்கள்; செலவு ஈடாகிவிடும். நம் மொய்தான். புது நாட்டுக்கு வந்த இளவட்டங்கள் மட்டும் சாப்பிட்டுக் குடித்துவிட்டு, பணம் போடாமல் நழுவிப் போகிறார்கள். தொழிற்சாலை இன்னும் கதைக்குள் வரவே இல்லை. அதற்குள் ஊர் உடையத் தொடங்கிவிட்டது. சிங்க்ளேர் பிரசங்கம் செய்கிறவர் என்று பலரும் குறை சொல்வார்கள். பின்பாதிக்கு அது பொருந்தும். இந்த முதல் அத்தியாயத்துக்குப் பொருந்தாது.

அடுத்தது ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' (1939). ஓக்லஹோமாவில் புழுதிப் புயலும் கடனும் சேர்ந்து நிலத்தை விழுங்கிவிட, ஜோட் குடும்பம் ஒரு பழைய ஹட்ஸன் காரை லாரியாக்கி, 66-ஆம் எண் நெடுஞ்சாலையில் கலிஃபோர்னியாவுக்குப் புறப்படுகிறது. வீட்டை இடிக்க டிராக்டரோடு வருகிறவன் பக்கத்து வீட்டுக்காரரின் மகன். நாளுக்கு 3 டாலர் கூலி. குடியானவன் துப்பாக்கியோடு நிற்கிறான். யாரைச் சுடுவது? டிராக்டர்காரனையா? அவன் கூலிக்காரன். வங்கி மேலாளரையா? அவருக்கு மேலிடத்து உத்தரவு. எதிராளிக்கு முகமே இல்லாத ஒடுக்குமுறையை இவ்வளவு எளிதாக விளக்கிய பக்கங்கள் குறைவு. கலிஃபோர்னியாவில் 800 பேருக்கு வேலை இருந்தால் 5,000 துண்டுப்பிரசுரம் அடிக்கிறார்கள். ஆள் குவிந்தால் கூலி தானாக இறங்கிவிடும்.

இந்த நாவலில் ஆசை ரொம்பச் சின்னது: ஒரு வெள்ளை வீடு, சுற்றிலும் ஆரஞ்சு மரம். வழி நெடுக அந்த ஆசை தேய்ந்துகொண்டே போக, 'நாங்கள்' என்கிற சொல் பெரிதாகிக்கொண்டே போகிறது. முதலில் தன் குடும்பத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத அம்மா, கடைசிக்கு வரும்போது, முன்பு குடும்பம்தான் முதலில், இப்போது யாராக இருந்தாலும் செய்ய வேண்டும் என்று சொல்லும் நிலைக்கு வருகிறாள்.

குறையையும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியா வயல்களில் அதற்கு முன்பே காலங்காலமாக உழைத்த மெக்ஸிகோ, ஃபிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் இந்த நாவலில் அநேகமாக இல்லை. இன்னொன்று: அதே அகதி முகாம்களில் வேலைசெய்த சனோரா பாப் என்ற பெண்ணும் இதே மக்களைப் பற்றி ஒரு நாவல் எழுதியிருந்தார். ஸ்டைன்பெக்கின் புத்தகம் முந்திக்கொண்டு பெரிய வெற்றி பெற்றதும் பதிப்பாளர் பின்வாங்கிவிட்டார். அந்த நாவல் 2004-இல்தான் அச்சாயிற்று. இரண்டையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

கறுப்பின எழுத்தாளர்கள் இந்த ஆசையை எப்படி எழுதினார்கள்?

ரிச்சர்ட் ரைட்டின் 'நேட்டிவ் சன்' (1940) அலாரம் அடிக்கும் சத்தத்தோடு தொடங்குகிறது. சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஒரே அறையில் அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள். ஒருவர் உடைமாற்ற மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அறைக்குள் ஒரு பெரிய எலி. மூத்தவன் பிக்கர் தாமஸ் அதை வாணலியால் அடித்துக் கொல்கிறான். கொஞ்சம் கழித்துத் தெருவில் நண்பனோடு நிற்கும்போது வானத்தில் ஒரு விமானம் புகையால் விளம்பரம் எழுதுகிறது. வாய்ப்புக் கிடைத்தால் நானும் ஓட்டுவேன் என்கிறான். நீ கறுப்பாக இல்லாமல் இருந்து, பணமும் இருந்து, விமானப் பள்ளியில் உன்னைச் சேர்த்துக்கொண்டால் ஓட்டுவாய் என்கிறான் நண்பன். கேட்ஸ்பியின் அட்டவணையை நினைத்துப் பாருங்கள். அந்தப் பையனுக்கு ஆறு மணிக்கு எழுந்தால் ஏதாவது நடக்கும் என்று நம்ப முடிந்தது. பிக்கருக்கும் அலாரம் அடிக்கிறது. எழுந்து பார்த்தால் எலி.

பிக்கரை வேலைக்கு வைக்கும் டால்டன் நல்ல மனிதர். கறுப்பின மக்களின் கல்விக்கு லட்சக்கணக்கில் நன்கொடை கொடுப்பவர், அவர்களுடைய இளைஞர் மன்றத்துக்கு டேபிள் டென்னிஸ் மேஜை வாங்கித் தருபவர். அந்த எலி அறைக்கு வாரம் 8 டாலர் வாடகை வாங்குவதும் அவருடைய நிறுவனம்தான். கறுப்பின மக்களுக்கு வேறு பகுதியில் அவர் வீடு கொடுப்பதில்லை. பிக்கர் செய்யும் கொலைகளை நாவல் நியாயப்படுத்தவில்லை. எங்கே முளைத்தன என்று காட்டுகிறது. ஒரு விஷயம்: 1940 பதிப்பில், உறுப்பினர்களுக்கு மாதாமாதம் புத்தகம் அனுப்பும் ஒரு மன்றத்துக்காகச் சில பகுதிகளை வெட்டினார்கள், 1991-இல்தான் அவை திரும்பச் சேர்க்கப்பட்டன. வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

ரால்ஃப் எலிசனின் 'இன்விஸிபிள் மேன்' (1952) எனக்கு இன்னும் நெருக்கமானது. பெயர் சொல்லப்படாத அதன் நாயகன் நன்றாகப் படிக்கிற பையன். ஊர்ப் பெரியமனிதர்கள் முன்னால் பேச அழைக்கப்படுகிறான். முதலில் கண்ணைக் கட்டி மற்றப் பையன்களோடு அடித்துக்கொள்ள விடுகிறார்கள். அதன்பிறகு ரத்தம் ஊறும் வாயோடு பேசவைத்து, ஒரு தோல்பையும் கல்லூரி உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். கல்லூரியிலிருந்து விலக்கப்பட்டதும், நியூயார்க்கில் வேலை தேட முதல்வர் ஒட்டிய உறையில் சிபாரிசுக் கடிதங்கள் தருகிறார். ஒவ்வொரு அலுவலகமாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். உள்ளே எழுதியிருப்பது, இவனுக்கு நம்பிக்கை மட்டும் கொடுத்துக்கொண்டே இருங்கள், திரும்பி வரவிடாதீர்கள் என்ற பொருளில். அந்த முதல்வரும் கறுப்பினத்தவர். தான் ஏறி வந்த ஏணியில் இன்னொருவன் கால் வைப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

பிறகு ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் வேலை. நாட்டிலேயே மிக வெண்மையான வெள்ளை அவர்களுடையது. செய்முறை: ஒவ்வொரு டப்பாவிலும் பத்துச் சொட்டுக் கறுப்பு விட்டு, கறுப்பு காணாமல் போகும்வரை கலக்க வேண்டும். இதற்கு விளக்கம் தேவையில்லை.

ரைட்டும் ஹர்ஸ்டனும் ஏன் மோதிக்கொண்டார்கள்?

கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டனின் 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' 1937-இல் வந்தபோது ரைட் கடுமையாக எழுதினார். கறுப்பின மக்களின் வாழ்வை வெள்ளை வாசகர்கள் ரசிக்கும்படி காட்டியிருக்கிறார், அதில் சொல்ல ஒரு விஷயமும் இல்லை என்பது அவர் புகார். அடுத்த ஆண்டு ரைட்டின் கதைத் தொகுப்புக்கு ஹர்ஸ்டன் எழுதிய விமர்சனமும் அதே சூட்டில் இருந்தது: எங்கும் வெறுப்பு என்று.

இதில் நான் ஹர்ஸ்டன் பக்கம். அவர் வளர்ந்தது ஃப்ளோரிடாவில் ஈட்டன்வில் என்ற ஊரில். 1887-இல் கறுப்பின மக்களே தங்களுக்கென்று அமைத்து நடத்திய ஊர் அது. வெள்ளைக்காரர் யாருமே எதிரில் இல்லாதபோது இந்த மக்கள் ஒருவரோடு ஒருவர் எப்படி வாழ்கிறார்கள் என்று எழுத அவரால் முடிந்தது. அங்கேயும் ஒடுக்குமுறை இருக்கிறது. நாவலின் நாயகி ஜேனியின் இரண்டாவது கணவன் ஜோ ஸ்டார்க்ஸ் பெரிய ஆசைக்காரன். ஊருக்கு வந்த வேகத்தில் நிலம் வாங்கி, கடை வைத்து, மேயரும் ஆகிவிடுகிறான். பெருமைப்பட வேண்டிய முன்னேற்றம். ஆனால் கடைத் திண்ணையில் ஊரே உட்கார்ந்து கதையளக்கும்போது ஜேனி மட்டும் வாய் திறக்கக் கூடாது. தலைமுடியைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும். மேலே ஏறிய கணவனுக்கு, பார்வைக்கு வைக்க ஒரு மனைவி தேவைப்பட்டாள். ஒடுக்கப்பட்டவனின் ஆசை இன்னொருவரை ஒடுக்க முடியும் என்று 1937-லேயே எழுதியதற்குத் துணிச்சல் வேண்டும். சொல்ல ஒன்றுமில்லை என்ற ரைட் இதைப் பார்க்கத் தவறிவிட்டார்.

நாவல் எப்படித் தொடங்குகிறது பாருங்கள். எல்லாம் முடிந்து ஜேனி தனியாக, அழுக்குப்பட்ட உழைப்பு உடையில் ஊர் திரும்புகிறாள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் நடையிலிருந்து முடிவரை எல்லாவற்றையும் விமர்சிக்கிறது. அந்தக் கூட்டத்திலிருந்தே தோழி ஃபீபி எழுந்து, ஒரு பாத்திரத்தில் சோற்றை மூடி எடுத்துக்கொண்டு, வீட்டின் பின்வழியாகப் போகிறாள். ஜேனி சாப்பிட்டுக்கொண்டே கதை சொல்கிறாள். முழு நாவலும் அந்தச் சோற்றுக்குப் பதிலாக அவள் தரும் கதைதான்.

ஹர்ஸ்டன் 1960-இல் வறுமையில் இறந்தார். ஃப்ளோரிடாவில் அடையாளக் கல் இல்லாமல் புதைக்கப்பட்டார். 1973-இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் புதர் மண்டிய அந்த இடுகாட்டில் தேடிப் போய் ஒரு கல் நட்டார். அதன்பிறகுதான் அவருடைய புத்தகங்கள் மறுபடி பரவலாகப் படிக்கப்பட்டன.

ஊர் கடைசியில் காப்பாற்றுமா, கைவிடுமா?

டோனி மாரிசனின் 'பிலவ்ட்' (1987) இரண்டையும் ஒரே ஊரை வைத்துக் காட்டுகிறது. எனக்குத் தெரிந்து இந்தக் கேள்விக்கு இதைவிட நேர்மையான நாவல் அமெரிக்காவில் இல்லை.

பின்னணி உண்மைச் சம்பவம். 1850-இல் வந்த சட்டப்படி, அடிமைமுறை இல்லாத மாநிலத்துக்குத் தப்பிப்போன அடிமையையும் பிடித்துக் கொண்டுபோகலாம். 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண் கென்டக்கியிலிருந்து குடும்பத்தோடு உறைந்த ஒஹையோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டிக்குத் தப்பினார். பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்தபோது, குழந்தை திரும்ப அடிமையாகக் கூடாது என்று தன் இரண்டு வயது மகளைக் கொன்றார். மாரிசன் பதிப்பகத்தில் ஆசிரியராக வேலைசெய்த காலத்தில், ஒரு தொகுப்புக்குப் பொருள் சேர்க்கும்போது இந்தச் செய்தியைப் பார்த்தார்.

நாவலில் அந்தத் தாய் சேத்தே. தப்பி வந்து மாமியார் பேபி சக்ஸின் வீட்டில் 28 நாள் சுதந்திரமாக இருக்கிறாள். ஒருநாள் ஒருவர் இரண்டு வாளி பிளாக்பெர்ரிப் பழம் பறித்து வந்து கொடுக்க, அதில் பலகாரம் செய்யலாம் என்று தொடங்கி, அது கூடிக் கூடித் தொண்ணூறு பேர் சாப்பிடும் விருந்தாகிவிடுகிறது. எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டுச் சிரித்துப் பேசிவிட்டுப் போகிறார்கள். மறுநாள் காலையில் அவர்களுக்கே எரிச்சல் வருகிறது. இவளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு? இவள் எங்களைப் போல அடிபடவில்லையா? இந்த எரிச்சலில், நான்கு வெள்ளைக்காரர்கள் குதிரையில் ஊருக்குள் வருவதைப் பார்த்தும் யாரும் ஓடிவந்து சொல்லவில்லை. கூலிக்கு ஒரு பையனைக்கூட அனுப்பவில்லை. அடுத்து நடந்ததற்குச் சட்டம் காரணம், அடிமைமுறை காரணம். ஊரின் வயிற்றெரிச்சலுக்கும் அதில் பங்கு உண்டு. ஒடுக்கப்பட்டவர்களின் ஊரைப் பற்றி இதை எழுத, அந்த ஊரை உயிராக நேசிக்கிற ஒருவரால்தான் முடியும்.

பதினெட்டு வருஷம் அந்த வீட்டுப்பக்கம் யாரும் வருவதில்லை. சேத்தேயின் இன்னொரு மகள் டென்வர் வெகுகாலமாக முற்றத்தைத் தாண்டியதே இல்லை. இறந்த குழந்தையின் ஆவி பெண்ணுருவில் வந்து அம்மாவை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. வீட்டில் சாப்பாடு தீர்ந்துவிட்டது. டென்வர் பயந்து பயந்து வெளியே போய், முன்பு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியையிடம் வேலை கேட்கிறாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்கிறாள்.

இரண்டு நாள் கழித்து, முற்றத்து ஓரத்தில் வெட்டிவிட்ட மரத்தின் அடிக்கட்டை மேல் ஒரு பை வெள்ளை மொச்சை இருக்கிறது. இன்னொரு நாள் ஒரு தட்டில் முயல்கறி. ஒருநாள் காலையில் ஒரு கூடை முட்டை. சில பாத்திரங்களில் பெயர் எழுதிய துண்டுத்தாள் இருக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே, அதற்காக. டென்வர் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பாத்திரத்தைக் கொடுத்து நன்றி சொல்கிறாள். அப்படித்தான் அவளுக்கு ஊர் என்று ஒன்று கிடைக்கிறது. வாசலில் நின்று ஒவ்வொருவரும் அவளுடைய பாட்டியைப் பற்றி ஏதோ ஒன்று நினைவுகூர்கிறார்கள்.

கடைசியில் முப்பது பெண்கள் அந்த வீட்டுக்கு நடந்து வந்து, சொல்லில்லாமல் குரலெடுத்துப் பாடி, ஆவியை விரட்டுகிறார்கள். முன்னால் நிற்கும் எல்லா (Ella) என்ற பெண், சேத்தே செய்ததை மன்னித்துவிடவில்லை. பழைய தப்பு வந்து இன்றைய வாழ்க்கையை விழுங்கக் கூடாது, அதை மட்டும் அனுமதிக்க மாட்டேன் என்பது அவள் கட்சி. ஊர் நல்லதா கெட்டதா என்று கேட்பவர்களை நான் இந்த எல்லாவிடம்தான் அனுப்புகிறேன். அன்றைக்குச் சொல்லாமல் இருந்த ஊரும் இன்றைக்கு நடந்து வரும் ஊரும் ஒன்றே.

இந்த நாவல்களை ஏன் தடைசெய்கிறார்கள்?

'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' வந்த நாலே மாதத்தில், 1939 ஆகஸ்டில், கலிஃபோர்னியாவின் கெர்ன் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகம் அதை நூலகங்களிலும் பள்ளிகளிலும் தடைசெய்தது. ஜோட் குடும்பம் போய்ச் சேருவது அதே கவுண்டிக்குத்தான். கெட்ட வார்த்தை, ஆபாசம் என்று காரணம் சொன்னார்கள். பின்னால் பெரிய நிலச்சுவான்தார்கள் இருந்தார்கள். அங்கே தலைமை நூலகராக இருந்த கிரெச்சன் நீஃப், தன் வேலை போகலாம் என்று தெரிந்தும், புத்தகத்தைத் தடைசெய்தால் அதிலுள்ள கருத்து செத்துவிடாது என்ற பொருளில் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். மாரிசனின் நாவல்களும் அமெரிக்கப் பள்ளிகளில் அடிக்கடி எதிர்ப்பைச் சந்திக்கின்றன. சொல்லப்படும் காரணம் இன்றும் அநேகமாக அதேதான்.

இப்போது எழுதுபவர்களில் யாரைப் படிக்கலாம்?

கோல்சன் வைட்ஹெட்டின் 'தி நிக்கல் பாய்ஸ்' (2019). ஃப்ளோரிடாவில் உண்மையில் இருந்த, 2011-இல் மூடப்பட்ட ஒரு சீர்திருத்தப் பள்ளியின் கொடுமைகளை அடியாகக் கொண்டது. கல்லூரிக்குப் போகிற வழியில் தப்பான காரில் லிஃப்ட் கேட்டு ஏறிய ஒரு பையனின் கதை. அப்புறம் டாமி ஆரஞ்சின் 'தேர் தேர்' (2018): ஓக்லாந்து நகரத்தில் வாழும் பூர்வகுடி மக்கள் ஒரு திருவிழாவுக்குக் கூடுகிறார்கள், கூடுவதே ஆபத்தாகவும் ஆகிறது.

ஆங்கிலம் சுமாராகத்தான் வரும். எதிலிருந்து தொடங்கலாம்?

'கேட்ஸ்பி' சின்னது; அமெரிக்காவில் 2021-இல் காப்புரிமையும் முடிந்துவிட்டதால் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். ஹர்ஸ்டனின் பேச்சுவழக்கு முதலில் மிரட்டும். வாய்விட்டுப் படியுங்கள், இருபது பக்கத்தில் காது பழகிவிடும். கரிசல் வட்டார வழக்கில் எழுதிய கதையை முதன்முதலில் படிக்கும் சென்னைக்காரருக்கு ஆவது போலத்தான். 'பிலவ்ட்' முதல் ஐம்பது பக்கம் புரியாது. புரியாமலே தொடருங்கள், அதை அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. ஒரே ஒரு அத்தியாயம் சொல்லுங்கள்.

'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' பதினைந்தாம் அத்தியாயம். ஜோட் குடும்பமே அதில் வராது, தனியாகப் படிக்கலாம். நெடுஞ்சாலையோரம் ஒரு சாப்பாட்டுக் கடை. மே என்ற பெண் பரிமாறுகிறாள், ஆல் சமைக்கிறான். இரண்டு லாரி ஓட்டுநர்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு குடும்பத்தின் அப்பா இரண்டு பையன்களோடு உள்ளே வந்து, பத்து சென்ட்டுக்கு ரொட்டி கிடைக்குமா என்று கேட்கிறார். முழு ரொட்டி பதினைந்து சென்ட், வெட்டிக் கொடுக்க முடியாது என்கிறாள் மே. அடுப்படியிலிருந்து ஆல் எரிந்து விழுகிறான்: கொடுத்துத் தொலை. அந்த மனிதர் பணப்பையிலிருந்து பத்து சென்ட் காசை எடுக்கும்போது ஒரு சென்ட்டும் ஒட்டிக்கொண்டு வருகிறது. திரும்பப் போடப் போனவர், பையன்கள் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் மிட்டாய்க் குச்சிகளையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனிக்கிறார். அது ஒரு சென்ட் மிட்டாயா என்று கேட்கிறார். மே குனிந்து பார்த்துவிட்டு, ஒரு சென்ட்டுக்கு இரண்டு என்கிறாள்.

அவர்கள் போன பிறகு ஓட்டுநர்களில் ஒருவர், அது சென்ட்டுக்கு இரண்டு மிட்டாய் இல்லையே, ஒன்று ஐந்து சென்ட் ஆயிற்றே என்கிறார். அதனால் உனக்கென்ன என்று மே சீறுகிறாள். இருவரும் மேஜையில் ஆளுக்கு ஒரு அரை டாலர் வைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். மீதிச் சில்லறையை வாங்கிக்கொள்ளச் சொல்லி அவள் கூப்பிடும்போது அவர்கள் வாசலைத் தாண்டிவிட்டார்கள்.